வெளியை எண்ணியவர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் வன்னியம்பட்டி. இங்கிருந்து வத்திராயிருப்புக்குப் போக வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கிருஷ்ணன்கோவிலில் திரும்ப வேண்டும். மலையடிவாரத்து ஊர் அது. அங்கே 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, அப்புறம் கல்கத்தா. 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது ராமனோடு கூட நின்று சோதனைகளைச் செய்தவர். 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். இதெல்லாம் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் தவறாமல் சொல்லப்படும். ஆனால் 1948-இல் அவர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சின்னக் கணக்குக் குறிப்பு ஒன்றைப் பற்றி மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்த காலமெல்லாம் எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டியது அந்தக் கணக்கைத்தான்.

சொல்ல எளிது. ஒரு வளைகோட்டுக்கு அடியில் இருக்கும் பரப்பைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. இடைவெளியே இல்லாமல் தொகையிடலாம். அல்லது சமமான படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் உயரத்தை அளந்து, படியின் அகலத்தால் பெருக்கிக் கூட்டலாம். இரண்டாவது வழி தோராயம்தான் என்றும், படியைச் சிறிதாக்கிக்கொண்டே போனால்தான் முதல் விடையை நெருங்கும் என்றும் பிளஸ் டூவிலேயே படிக்கிறோம். சில சார்புகளுக்கு இரண்டும் தோராயமாக இல்லாமல் முழுக்க முழுக்க ஒன்றாகவே இருக்கும் என்று கிருஷ்ணன் காட்டினார்.

இந்த வகையில் மிக எளிய சார்பு, சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் வருவது. இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை அதன் மொத்தப் பரப்பு பை, அதாவது 3.14159. படியை 1 என்று வைத்துக் கூட்டுங்கள்: பை. படியை 2 என்று வையுங்கள்: அதே பை. 6 என்று அகலமாக வைத்தாலும் பை. ஒரு இம்மி மாறாது. படி 6.283-ஐ, அதாவது இரண்டு பையைத் தாண்டும்போதுதான் கணக்கு உடைகிறது. 7 என்று வைத்தால் விடை திடீரென்று மூன்று பையாகிவிடும். ஒரு எல்லை வரை, துண்டு துண்டாக எண்ணுவதும் தொடர்ச்சியாக அளப்பதும் ஒன்றே. எல்லையைத் தாண்டினால் வேறே உலகம்.

வெளியும் காலமும் தொடர்ச்சியா, துண்டு துண்டா என்று இன்று கேட்கிற இயற்பியலுக்கு ஆதாரக் கேள்வியே இதுதான்: படியை மாற்றினால் விடை மாறுமா? அந்தக் கேள்வியின் வரலாறு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மட்டும் நடந்ததல்ல. அதில் சென்னை தரமணிக்குப் பெரிய பங்கு உண்டு, பெங்களூருக்கும் உண்டு. நம் கல்லூரிப் பாடங்களில் இது இல்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

வெளியைத் துண்டுகளாக எண்ண வேண்டியிருக்கும் என்ற சந்தேகம் பழையது. 1899-இலேயே மாக்ஸ் பிளாங்க், ஈர்ப்பு மாறிலி, ஒளியின் வேகம், தன் பெயரில் வழங்கும் மாறிலி ஆகிய மூன்றையும் சேர்த்தால் இயற்கையே தருகிற ஒரு நீளம் கிடைக்கும் என்று கண்டார். இன்றைய மதிப்பில் அது 1.6 × 10⁻³⁵ மீட்டர். ஈர்ப்புப் புலத்தையும் குவாண்டம் விதிகளையும் ஒன்றாக வைத்தால் ஒரு புள்ளியில் புலத்தை எவ்வளவு துல்லியமாக வேண்டுமானாலும் அளக்கலாம் என்பது நடக்காது என்று 1936-இல் லெனின்கிராடில் மாட்வெய் ப்ரான்ஸ்டைன் எழுதினார். இரண்டே வருடத்தில், 31 வயதில், ஸ்டாலின் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. அந்த வேலையைத் தொடர ஆளில்லாமல் போயிற்று.

அடுத்த அடி 1961-இல். கிருஷ்ணன் டெல்லியில் காலமான அதே வருடம், இத்தாலியில் துல்லியோ ரெஜ்ஜே ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலை ஆயத்தொலைவுகளே இல்லாமல் எழுதிக் காட்டினார். அவர் வழி இது. வளைந்த வெளியைச் சமதளமான சின்னத் துண்டுகளாக வெட்டு. இரண்டு பரிமாணத்தில் முக்கோணம், மூன்றில் நான்முகி, நான்கில் அதற்கு இணையான ஐந்து முனை உருவம். ஒரு புள்ளியைச் சுற்றிச் சமபக்க முக்கோணங்கள் ஆறு வைத்தால் 360 டிகிரி நிரம்பி மேசைமேல் தட்டையாகப் படுக்கும். ஐந்தே வைத்து ஒட்டினால் 60 டிகிரி குறையும், காகிதம் கூம்பி எழும். அந்தக் குறைகிற கோணம்தான் வளைவு. துண்டுகளின் விளிம்பு நீளங்களைச் சொல்லிவிட்டால் ஈர்ப்பு முழுதும் சொல்லியாயிற்று. வகுப்பில் அட்டையை வெட்டி ஒட்டி இதைக் காட்டுவேன். ஐன்ஸ்டைன் சமன்பாட்டின் குறியீடுகளைக் கண்டு பயந்துபோயிருக்கும் பிள்ளைகளுக்கு அப்போதுதான் முகம் தெளியும்.

“அப்போ இடத்துக்கும் அணு இருக்கா மேடம்?” என்று அட்டையைக் கையில் திருப்பிக்கொண்டே ஒரு மாணவி கேட்டாள்.

ரெஜ்ஜே அப்படிச் சொல்லவில்லை. அவருக்குத் துண்டுகள் கணக்கு வசதிக்குத்தான். படியைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் ஐன்ஸ்டைனின் தொடர்ச்சியான வெளி திரும்ப வந்துவிடும். அந்த மாணவி கேட்ட கேள்விக்கு உலகம் வந்து சேர இன்னும் முப்பத்து நான்கு வருடம் ஆயிற்று.

ரெஜ்ஜேயின் கட்டுரை வந்த கொஞ்ச காலத்தில், 1962 ஜனவரி 3 அன்று, சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. மேட்சயன்ஸ் என்பார்கள். மயிலாப்பூரில் தன் வீடான ஏகாம்ர நிவாஸில் இளைஞர்களைக் கூட்டி வைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கம் நடத்திவந்த அல்லாடி ராமகிருஷ்ணன் அதன் முதல் இயக்குநர். 1960-இல் நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்து வியந்ததும், மாநிலத்தில் அப்போது கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் துணை நின்றதும், நேருவின் ஆதரவு கிடைத்ததும் சேர்ந்துதான் அது நிறுவனமாயிற்று. தொடக்க விழாவில் சுப்ரமணியன் சந்திரசேகர் இருந்தார். இறந்த விண்மீன்களின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்கிட்டு, கருந்துளைக்கு வழி திறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்தவர்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

1968-இல் ரெஜ்ஜேயும் ஜார்ஜியோ பொன்சானோவும் சேர்ந்து அணுக்கரு இயற்பியல்காரர்கள் தினமும் கையாள்கிற ஒரு எண்ணை எடுத்துக்கொண்டார்கள். சிக்ஸ்-ஜே குறியீடு என்று அதற்குப் பெயர். சுழற்சி கொண்ட மூன்று துகள்களை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதற்கு இரண்டு முறை இருந்தால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள உதவும் எண் அது. ஆறு சுழற்சி எண்களைக் கொடுத்தால் ஒரு விடை வரும். 1940-களில் ரக்காவும் விக்னரும் உருவாக்கியது. நிறமாலைக் கோடுகளைக் கணக்கிட அட்டவணை அட்டவணையாக அச்சிட்டு வைத்திருந்தார்கள். ஆறு எண்கள், நான்முகிக்கும் ஆறு விளிம்புகள். அந்த ஆறு எண்களோடும் அரை சேர்த்து, அவற்றையே விளிம்பு நீளங்களாக வைத்து ஒரு நான்முகி கட்டினால், அதன் கன அளவையும் கோணங்களையும் கொண்டு அந்தக் குறியீட்டின் மதிப்பை ஏறக்குறையச் சொல்லிவிடலாம் என்று அவர்கள் கண்டார்கள். அதைவிடப் பெரிய அதிசயம், அந்தச் சூத்திரத்துக்கு உள்ளே 1961-இல் ரெஜ்ஜே எழுதிய ஈர்ப்புக் கணக்கு அப்படியே உட்கார்ந்திருந்தது.

இதைச் சாதாரணக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். ஆறு சுழற்சியும் 1 என்றால் உண்மையான விடை ஆறில் ஒரு பங்கு, 0.1667. விளிம்பு 1.5 உள்ள சீரான நான்முகிக்கு பொன்சானோ–ரெஜ்ஜே சூத்திரம் தருவது 0.1668. பெரிய எண்களுக்கென்று எழுதிய சூத்திரம், 1-க்கே இவ்வளவு நெருங்கி வருகிறது. எப்போதும் இப்படி வராது. ஆறும் 2 என்றால் உண்மை −0.0429, சூத்திரம் −0.0468. போகப் போக நெருங்கும். அணுக்கருவுக்காகப் போட்ட கணக்கில் மூன்று பரிமாண வெளியின் வடிவியல் ஒளிந்திருந்ததை ஒரு பிற்பகலில் கையால் தொட்டுப் பார்க்க முடிகிறதே, இதைவிட ஒரு இயற்பியல் ஆசிரியைக்கு வேறு என்ன வேண்டும்!

பிறகு முழு மூன்று பரிமாண வெளியையும் நான்முகிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்ஸ்-ஜே எழுதி, எல்லாவற்றையும் பெருக்கி, உள்ளே இருக்கும் விளிம்புகளுக்கு வரக்கூடிய எல்லாச் சுழற்சி எண்களுக்கும் கூட்டினார்கள். பின்னால் சொல்லப்போகும் ஸ்பின் ஃபோம் மாதிரிகளில் முதலாவது அதுதான். அந்தப் பெயர் வர இன்னும் முப்பது வருடம் இருந்தது. அதுவரை அந்தக் கட்டுரை பெரும்பாலும் சிக்ஸ்-ஜே கணக்குக்காரர்கள் கையிலேயே கிடந்தது.

அந்தக் கணக்குக்காரர்களில் சென்னையில் இருந்தவர்கள் உண்டு. மேட்சயன்ஸில் கே. ஸ்ரீனிவாச ராவ், டி.எஸ். சந்தானம், கே. வெங்கடேஷ் மூவரும் 1975-இல் ரக்கா கெழுக்களின் சமச்சீர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நான்முகியைத் திருப்பியும் புரட்டியும் பார்த்தால் ஒரு சிக்ஸ்-ஜேக்கு 24 சமச்சீர்கள் கிடைக்கும். ஆனால் 1959-இலேயே ரெஜ்ஜே, அதே ரெஜ்ஜே, மொத்தம் 144 இருக்கின்றன என்று கண்டிருந்தார். மிச்சம் எங்கிருந்து வந்தன என்பது எளிதில் விளங்கவில்லை. சென்னைக்காரர்கள் சிக்ஸ்-ஜேயை ஹைப்பர்ஜியாமெட்ரிக் தொடராக எழுதினார்கள். ஒரே ஒரு தொடராக எழுதினால் எல்லாச் சமச்சீரும் தெரியாது. மூன்று தொடர்கள் கொண்ட ஒரு தொகுப்பாகவோ நான்கு தொடர்கள் கொண்ட இன்னொரு தொகுப்பாகவோ எழுதினால் 144-உம் வந்துவிடும். மூன்று தொடருக்குத் தலா 48, நான்குக்குத் தலா 36. இந்தத் தொடர்கள் ராமானுஜன் தன் நோட்டுப் புத்தகங்களில் ஆசை ஆசையாகப் போட்டுப் பார்த்த வகையைச் சேர்ந்தவை. ஸ்ரீனிவாச ராவ் பின்னாளில் ராமானுஜனைப் பற்றியும் புத்தகம் எழுதினார் என்பது பொருத்தம்தான். வி. ராஜேஸ்வரியோடு சேர்ந்து அவர் 1993-இல் கொண்டுவந்த கோண உந்தப் புத்தகம் இந்தக் கணக்குகளுக்கெல்லாம் கைநூல். அவர்கள் யாரும் ஈர்ப்புக்காக இதைச் செய்யவில்லை. சிக்ஸ்-ஜேயைப் பிழையில்லாமல், வேகமாகக் கணக்கிட வேண்டும் என்பதே நோக்கம். நான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் நின்று நிதானிப்பேன்.

1980-களில் இன்னொரு பக்கத்திலிருந்து கதவு திறந்தது. மகாராஷ்டிரத்தில் ஷிர்பூரில் பிறந்து, சிகாகோவில் ஆய்வு செய்த அபய் அஷ்டேகர் 1986-இல் பொதுச் சார்பியலைப் புதிய மாறிகளில் எழுதினார். அதற்கு நான்கு வருடம் முன்பே அமிதாப சென் இந்தத் திசையில் ஒரு முக்கியமான அடி எடுத்துவைத்திருந்தார். அந்த மாறிகளுக்கு லக்ராஞ்சியன் அடிப்படையைப் பெங்களூர் ராமன் ஆய்வுக் கழகத்தில் ஜோசப் சாமுவேல் 1987-இல் கொடுத்தார். அதை வெளியிட்டது நம் நாட்டு இதழான ‘பிரமாணா’. புதிய மாறிகளில் ஈர்ப்பு, மின்காந்தப் புலத்தின் பெரியப்பா மகன்களான யாங்–மில்ஸ் புலங்களைப் போலத் தோற்றம் கொண்டது. தெரிந்த கருவிகளை அதன்மேல் வைக்க முடிந்தது. கார்லோ ரொவெல்லியும் லீ ஸ்மோலினும் மூடிய வளையங்களைக் கொண்டு குவாண்டம் நிலைகளை எழுதினார்கள். அந்த வளையங்களால்தான் இந்த வழிக்கு லூப் குவாண்டம் ஈர்ப்பு என்று பெயர். 1995-இல் அவர்கள், ரோஜர் பென்ரோஸ் எழுபதுகளின் தொடக்கத்தில் விளையாட்டாகப் போட்டு வைத்த ஸ்பின் நெட்வொர்க்குகளை எடுத்து, அவைதான் வெளியின் குவாண்டம் நிலைகள் என்றார்கள். கோடுகள், கோடுகள் கூடுகிற முடிச்சுகள். ஒவ்வொரு கோட்டின் மீதும் ஒரு சுழற்சி எண். ஒரு பரப்பைக் கோடு ஒன்று துளைத்தால் அந்தப் பரப்புக்கு அந்த எண்ணுக்கு ஏற்ற அளவு பரப்பளவு கிடைக்கும். முடிச்சு கன அளவைக் கொடுக்கும். இடைப்பட்ட மதிப்புகள் கிடையாது. என் மாணவி கேட்ட கேள்விக்கு, இந்தக் கோட்பாடு சரியாக இருந்தால், ஆமாம் இருக்கிறது என்பது பதில்.

1992-இல் அஷ்டேகர், ரொவெல்லி, ஸ்மோலின் மூவரும் ஒரு கட்டுரையில் இதை நெசவு என்றே அழைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணிதான். ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி. பாவுக்கும் ஊடைக்கும் நடுவே கண் தெரிகிற லேசான நெசவு. அப்பா ஒரு துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டி, “தாயி, தள்ளி நின்னு பாரு, துணி. கிட்ட வந்து பாரு, நூலுதான். இஞ்சுக்கு எத்தனை நூலுன்னு எண்ணிப் பார்த்தாத்தான் வெலை” என்பார். இஞ்சுக்கு நூல் குறைந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும். நெசவுக் கட்டுரையில் அந்த மூவரும் செய்ததும் அந்த எண்ணிக்கைதான். தூரத்தில் பார்த்தால் சாதாரணத் தட்டையான வெளியாகத் தெரிய வேண்டுமென்றால் வளையங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்? பிளாங்க் நீளத்தை ஒட்டிய இடைவெளியில் இருக்க வேண்டும் என்று விடை வந்தது. அதற்குமேல் நெருக்கிக் கட்டினாலும் துணி மேலும் நயமாகாது. அளவீடே அதற்குக் கீழே போவதில்லை.

இதே வருடங்களில் தரமணியில், மேட்சயன்ஸில், வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. எட்வர்ட் விட்டன் 1989-இல் முடிச்சுகளை வேறுபடுத்தக் கணிதக்காரர்கள் வைத்திருந்த பல்லுறுப்புக்கோவைகளைச் செர்ன்–சைமன்ஸ் என்ற மூன்று பரிமாணப் புலக் கோட்பாட்டிலிருந்து பெறலாம் என்று காட்டியிருந்தார். அதைக் கையில் எடுத்து, எந்த முடிச்சுக்கும், கோட்டின் மேல் எந்தச் சுழற்சி எண் இருந்தாலும், கடைசி வரை கணக்குப் போட்டு விடை சொல்லும் முறையை ரமேஷ் கௌலும் டி.ஆர். கோவிந்தராஜனும் உருவாக்கினார்கள். 1992, 1993-இல் தொடர் கட்டுரைகளாக அது வந்தது. ஆய்வு மாணவியாக அதில் சேர்ந்துகொண்டவர் பி. ராமதேவி. ஒரு முடிச்சையும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்தையும் வேறுபடுத்த முடியுமா என்பது முடிச்சுக் கணிதத்தில் பழைய கேள்வி. பத்துக் குறுக்கீடு வரையிலான முடிச்சுகளில் இரண்டு மட்டும் அதுவரை தெரிந்த எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும் பிடி கொடுக்கவில்லை. அந்த இரண்டையும் இவர்களுடைய முறை பிடித்துவிட்டது. இந்தக் கணக்குகளின் உயிர் எது என்று பார்த்தால் அங்கேயும் சிக்ஸ்-ஜே. சற்றே மாறிய வடிவம், குவாண்டம் சிக்ஸ்-ஜே. அதே 1992-இல் துராயேவும் விரோவும் அந்த மாறிய வடிவத்தை பொன்சானோ–ரெஜ்ஜே கூட்டலில் வைத்து, முடிவில்லாமல் பெருகிப்போகும் அந்தக் கூட்டலை முடிவுள்ளதாக்கினார்கள்.

முடிச்சுகளுக்காகத் தீட்டிய கத்தி கருந்துளைக்குப் பயன்பட்டது. 1970-களில் பெக்கென்ஸ்டைனும் ஹாக்கிங்கும் கருந்துளைக்கு வெப்பவியல் கூறும் என்ட்ரோபி உண்டு என்றும், அது அதன் எல்லைப் பரப்பில் பிளாங்க் அலகில் நாலில் ஒரு பங்கு என்றும் சொல்லியிருந்தார்கள். என்ட்ரோபி என்றால் எண்ணிக்கை. எதை எண்ணுவது? வெளியின் துண்டுகளை. எல்லையைத் துளைக்கும் கோடுகள் எத்தனை விதமாக அமையலாம் என்று எண்ணினால் போதும் என்று லூப் குவாண்டம் ஈர்ப்புக்காரர்கள் சொன்னார்கள். எல்லைமேல் இருக்கும் கோட்பாடு செர்ன்–சைமன்ஸ். அதை எண்ணத் தெரிந்தவர்கள் தரமணியில் இருந்தார்கள். 1998-இல் கௌலும் பார்த்தசாரதி மஜும்தாரும் துல்லியமான எண்ணிக்கைச் சூத்திரத்தை எழுதினார்கள். 2000-இல் அதிலிருந்து அடுத்த திருத்தத்தைக் கறந்தார்கள்: பரப்பின் மடக்கையை மைனஸ் ஒன்றரையால் பெருக்கியது. நாலில் ஒரு பங்கு என்பது ஒரு தெரியாத மாறிலியைப் பொருத்தினால்தான் வரும். இந்த ஒன்றரை அப்படி இல்லை, பொருத்தாமலே வருகிறது. கோட்பாட்டைச் சோதிக்க இதுபோன்ற எண்தான் வேண்டும்.

2012-இல் சோதனை வந்தது. அலகாபாதில் அசோக் சென் ஐன்ஸ்டைன் ஈர்ப்பிலிருந்தே, துண்டுகளைப் பற்றி எதுவும் வைத்துக்கொள்ளாமல், ஸ்வார்ஸ்ஷில்ட் கருந்துளைக்கு மடக்கைத் திருத்தத்தைக் கணக்கிட்டார். லூப் முறையில் கிடைத்த எண்ணோடு அது பொருந்துவதாகத் தெரியவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். இரண்டு எண்ணும் ஒரே பொருளைத்தான் கணக்கிடுகின்றனவா என்ற விவாதம் தொடர்கிறது. என் கருத்தைச் சொல்கிறேன். சென்னின் கணக்கு லூப் ஈர்ப்பு பதில் சொல்லியாக வேண்டிய கடன். அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. அந்தக் கடனைக் கேட்க முடிந்ததே சென்னையில் ஒரு துல்லியமான எண் இருந்ததால்தான்.

இனி ஸ்பின் ஃபோமுக்கு வருகிறேன். ஸ்பின் நெட்வொர்க் ஒரு கணத்தில் வெளி எப்படி இருக்கிறது என்று சொல்லும். அது காலத்தில் எப்படி மாறுகிறது? 1997-இல் மைக்கேல் ரைசன்பெர்கரும் ரொவெல்லியும், 1948-இல் ஃபைன்மன் எலெக்ட்ரானுக்குச் செய்ததை வெளிக்கே செய்தார்கள்: நடக்கக்கூடிய எல்லா வரலாறுகளையும் கூட்டு. கோடு நகர்ந்தால் ஒரு தளம் உருவாகும், முடிச்சு நகர்ந்தால் ஒரு விளிம்பு உருவாகும். ஒரு முடிச்சு பலவாகப் பிரியும் இடம் உச்சி. தளங்கள் விளிம்புகளில் கூடி நிற்கும் அந்த உருவத்துக்கு 1998-இல் ஜான் பாயஸ் ஸ்பின் ஃபோம் என்று பெயரிட்டார். மூன்று பரிமாணத்தில் அதை எழுதிப் பார்த்தால் பொன்சானோ–ரெஜ்ஜே. முப்பது வருடம் முன்பு எழுதியதைச் சுற்றிவந்து சேர்ந்துவிட்டார்கள்.

மூன்று பரிமாணத்தில் படியை மாற்றினால் விடை மாறாது. இரண்டு நான்முகிகள் முகம் ஒட்டி நிற்கிற இடத்தை, நடுவே ஒரு விளிம்பு போட்டு மூன்று நான்முகிகளாக வெட்டினாலும் விடை ஒன்றே. அதற்குக் காரணம் 1953-இல் பீடன்ஹார்னும் எலியட்டும் கண்ட ஒரு சமன்பாடு. இரண்டு சிக்ஸ்-ஜேக்களின் பெருக்கம், மூன்றின் பெருக்கத்தைக் கூட்டியதற்குச் சமம். அவர்களும் அணுக்கருக்காரர்களே. எவ்வளவு பொடிப்பொடியாக வெட்டினாலும் எவ்வளவு பெரிதாக விட்டாலும் பரவாயில்லை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. காரணம் கொஞ்சம் ஏமாற்றம் தருவது: மூன்று பரிமாண ஈர்ப்பில் அலைகளே கிடையாது, எங்கும் உள்ளூர ஒன்றும் நடப்பதில்லை.

நாம் இருப்பது நான்கு பரிமாணத்தில். 1998-இல் ஜான் பாரெட், லூயி கிரேன் இருவரும் வெளியிட்ட மாதிரி பத்து வருடம் ஆண்டது. ஈர்ப்பு அலைத் துகளின் நடத்தையை அதில் கணக்கிட்டபோது, 2007-இல், கோணங்களைப் பற்றிய தகவல் சரியாக வரவில்லை என்று தெரிந்தது. கட்டுப்பாடுகளை அளவுக்கு மீறி இறுக்கியதுதான் குறை. அதைத் தளர்த்தி எங்கிள், பெரேரா, ரொவெல்லி, லிவைன் ஒரு மாதிரியையும், ஃப்ரைடல், க்ராஸ்னோவ் இன்னொன்றையும் 2008 வாக்கில் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே பாரெட்டும் கூட்டாளிகளும் ஒற்றை உச்சிக்குப் பெரிய சுழற்சி எண்களில் ரெஜ்ஜேயின் 1961 கணக்கு வருகிறது என்று காட்டினார்கள். ஆனால் உச்சிகள் பலவாகும்போது, வெட்டுகிற விதத்தை மாற்றினால் விடை மாறுகிறது. அந்த மாற்றம் போகப் போக அடங்கி ஒரு நிலைக்கு வருமா என்பதைத்தான் பியாங்கா டிட்ரிச்சும் பெஞ்சமின் பாரும் மற்றவர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பெங்களூரில் ராமன் ஆய்வுக் கழகத்தின் சுமதி சூர்யாவின் வழி வேறு. முக்கோணமும் வேண்டாம், சுழற்சியும் வேண்டாம், எது எதற்கு முன்னால் நடந்தது என்ற வரிசையும் புள்ளிகளின் எண்ணிக்கையும் போதும் என்று 1987-இல் ரஃபேல் சார்கினும் கூட்டாளிகளும் தொடங்கிய காரணத் தொகுப்பு வழி. அதில் புள்ளிகள் ஒழுங்கான படியில் இல்லாமல் தாறுமாறாகத் தூவப்படுகின்றன, அதனால் எந்தத் திசைக்கும் சலுகை கிடையாது. 2019-இல் சூர்யா எழுதிய விரிவான மதிப்பீடு இந்தத் துறைக்கு நுழைவாயில்.

நான்கு பரிமாணத்தில் இப்போது பேனாவால் ஆகிற வேலை குறைந்து, எந்திரத்தால் ஆக வேண்டிய வேலை கூடிவிட்டது. 2018-இல் பியெத்ரோ தோனாவும் ஜார்ஜோ சார்னோவும் உச்சி வீச்சுகளைக் கணக்கிட ஒரு மென்பொருளைத் திறந்த வெளியில் வைத்தார்கள். நான்கு பரிமாண உச்சி ஒன்றுக்குப் பதினைந்து சுழற்சி எண்கள் கொண்ட குறியீடு வேண்டும். அதை ஐந்து சிக்ஸ்-ஜேக்களைப் பெருக்கி ஒரு எண்ணின் மேல் கூட்டினால் பெறலாம். லட்சக்கணக்கான சிக்ஸ்-ஜேக்கள் பிழையில்லாமல், வேகமாக வேண்டும். அந்த மென்பொருள் அதற்காகக் கூப்பிடும் நிரல் தொகுப்பை எழுதியவர்கள் ஸ்வீடனில் யோத்தபோரியில் இருக்கும் ஜோஹன்சனும் ஃபோர்சேனும். அவர்கள் அதை எழுதியது அணுக்கருக் கணக்குகளுக்காக.